பட்டமும் குடிமையும்: கனடாப் பல்கலைக்கழகங்களில் தொல்குடியினர் பெற்ற இடம்

கல்வி ஒருவனை அவன் பிறந்த நிலையினும் உயர்ந்த நிலைக்கு ஏற்றும் என்பது பல நாட்டார்க்கும் உடன்பாடான கருத்தாகும். ஆயின் உயர்த்துதல் வேறு. குடியினின்று நீக்குதல் வேறு. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒரே காரணத்தால் ஒருவன் சட்டத்தின் கண் தன் குடியினன் அல்லன் ஆவான் என்று ஒரு நாட்டின் பாராளுமன்றம் விதித்ததுண்டு. அந்நாடு கனடா, ஆண்டு 1876. இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, நடுவுநிலைமை, பன்மை, தொல்குடியினரை உட்கொள்ளல் என்னும் மூன்றையும் தம் கொள்கைகளாக அறிவித்துள்ளன. அவ்வறிவிப்புக்களின் உண்மைப் பொருளை அறிய விரும்புவோர் அப்பழஞ்சட்டத்தினின்றே தொடங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களைப் பற்றிச் சில கூறுவோம். கொலம்பசு இந்தியாவை அடைந்துவிட்டதாகக் கருதிய பிழையால் அமெரிக்கத் தொல்குடியினர்க்கு 'இந்தியர்' என்னும் பெயர் ஏற்பட்டது. கனடாவின் சட்டங்களிலும் அப்பெயரே நிலைத்தது. ஆதலின் ஈண்டு 'இந்தியர்' என வருமிடமெல்லாம் அந்நிலத்துப் பழங்குடியினரையே குறிக்கும், நம்மவரை அன்று. 1982-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் இந்தியர், இனுவிட்டு, மேட்டி என மூவகைத் தொல்குடியினரை ஏற்றுக்கொள்கின்றது. 2021-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி இம்மூவரும் சேர்ந்து ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள். நாட்டு மக்கள் தொகையில் 5 விழுக்காட்டினர். இனி, 'ஈக்குவிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சமத்துவம் என்று பெயர்ப்பார் உளர். எல்லார்க்கும் ஒன்றே அளித்தல் சமத்துவம். அவரவர் இழந்ததும் தடையுற்றதும் நோக்கி அளித்தல் ஈக்குவிட்டி. துலாக்கோலின் இயல்பை உட்கொண்ட 'நடுவுநிலைமை' என்னும் நம் பழஞ்சொல் இதற்கு நெருங்கிய பொருத்தமுடையது என்பதால் அதனையே ஆள்கின்றோம்.

1857-இல், கனடா ஒரே கூட்டாட்சியாக அமைவதற்குப் பத்தாண்டுகட்கு முன்னர், இந்தியரைப் படிப்படியாக 'நாகரிகப்படுத்தும்' சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 21 ஆண்டு நிறைந்து, ஆங்கிலமோ பிரெஞ்சோ எழுதப் படிக்க அறிந்து, நல்லொழுக்கமும் கடனின்மையும் உடைய ஆடவன் விரும்பின், இந்தியன் என்னும் நிலையை விடுத்து ஏனைக் குடிமக்களுள் ஒருவனாகலாம். அதற்குக் கைம்மாறாக 50 ஏக்கர் வரை நிலமும் பெறலாம். இதனைச் சட்டம் உரிமையளிப்பு என்னும் பொருளுடைய பெயரால் வழங்கிற்று. உரிமை அளிப்பதாகக் கூறி உரிமை பறிப்பதனை இப்பெயரால் வழங்கியமையைச் சொல்லாராய்ச்சி உடையோர் உற்று நோக்குவாராக. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இவ்வழியைத் தேர்ந்தவர் ஒருவரே என்பர்.

மக்கள் தாமே வாராமையின் அரசு வேறு வழி கண்டது. 1876-ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம் 86-ஆம் பிரிவில், மருத்துவப் பட்டமோ பல்கலைக்கழகத்தின் வேறு எப்பட்டமோ பெற்றவனும், வழக்கறிஞனானவனும், கிறித்தவ குருவானவனும், அச்செயலாலேயே இந்நிலை மாற்றத்திற்கு உட்படுவான் என விதித்தது. வேண்டுகோள் இல்லை, விருப்பம் கேட்டல் இல்லை. பட்டமளிப்பு மண்டபத்தின் ஒரு வாயிலால் இந்தியனாகப் புகுந்தவன் மறுவாயிலால் சட்டப்படி இந்தியன் அல்லாதவனாக வெளிவருவான். கல்வியும் குடிமையும் ஒருவனிடத்து ஒருங்கு நிற்றல் இயலாது என்னும் கொள்கை இதனினும் தெளிவாக எழுதப்பட்டதை யாம் வேறெங்கும் கண்டிலேம்.

இவ்விடத்து ஒரு திருத்தம் இன்றியமையாதது. பட்டம் பெற்ற தொல்குடியினர் அனைவரும் 1951 வரை, சிலர் கூற்றின்படி 1961 வரை, தாமாகவே இந்நிலையை இழந்தனர் என்று பொதுநூல்கள் பலவற்றுள் எழுதப்பட்டுள்ளது. இது சட்ட வாசகத்தோடு பொருந்தவில்லை. 1880-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், பட்டம் பெற்றவன் விண்ணப்பித்தால் நிலைமாற்றம் பெறலாம் என்று மாற்றிவிட்டது. கட்டாயம் என்பது இவ்வகையில் நான்கு ஆண்டுகளே நின்றது. எனினும் பட்டம் பெற்றோர்க்கெனத் தனி விதி 1920 வரை சட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் வந்த திருத்தம் பட்டத்தை நோக்காது, தகுதியுடையன் என்று அரசு கருதும் எவனையும் அவன் இசைவின்றியே நிலைமாற்றும் அதிகாரத்தை அளித்தது. இந்தியர் துறையின் துணைத் தலைவராயிருந்த டங்கன் காம்பெல் ஸ்காட்டு, இந்தியர் என்று தனியே ஒருவரும் எஞ்சாதபடி அனைவரும் பொது மக்களுட் கரையும் வரை இம்முயற்சி நிற்றலாகாது என்னும் கருத்தைப் பாராளுமன்றக் குழுவின்முன் வெளிப்படையாகவே கூறினார். தொல்குடியினரின் எதிர்ப்பால் 1922-இல் இவ்வதிகாரம் நீக்கப்பட்டது. 1933-இல் சிறிது மாற்றத்துடன் மீண்டும் புகுத்தப்பட்டது. நிலைமாற்றம் என்னும் ஏற்பாடே முற்றும் ஒழிந்தது 1985-இல். அவ்வாண்டின் சட்டம் இழந்தோர்க்கு நிலையை மீட்டளித்தபோது, 1920-க்கு முன்னிருந்த பட்டதாரிகள் விதியால் இழந்தோரைத் தனியே சுட்டி ஓர் உட்பிரிவு வகுக்க நேர்ந்தது. 65 ஆண்டுகட்கு முன் மறைந்த விதியின் பெயரைப் புதிய சட்டம் எழுதவேண்டியிருந்ததெனின், அதன் நிழலின் நீளத்தை அளந்தறியலாம்.

சட்ட வாசகம் 1880-இல் மாறிற்றெனின், பிற்காலத்தும் பட்டதாரிகள் மிகச் சிலராயிருந்தது ஏன் என வினவலாம். தொல்குடியினர்க்குக் கற்கும் ஆற்றல் இல்லை என்னும் அக்கால விடையைச் சான்றுகள் மறுக்கின்றன. மிசிசாகா குடியினரான பீட்டர் எட்மண்டு ஜோன்ஸ், 1866-இல், அதாவது இந்தியர் சட்டத்திற்குப் பத்தாண்டு முன்னரே, கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் குடிக்கே மருத்துவராகவும் தலைவராகவும் இருந்தார். 1885, 1886-ஆம் ஆண்டுகளில் 'இந்தியன்' என்னும் செய்தித்தாளையும் நடத்தினார். கற்றவன் குடியைவிட்டு நீங்குவான் என்னும் கொள்கைக்கு இவர் வாழ்க்கையே மறுப்பு.

தடை வேறிடங்களில் இருந்தது. ஒன்று, உறைவிடப் பள்ளிகள். தொல்குடிச் சிறாரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் திருச்சபைகளின் பொறுப்பில் வைத்து, தாய்மொழியைத் தடுத்து, நாளின் ஒரு பாதியைப் பண்ணை வேலையிலும் வீட்டு வேலையிலும் கழிக்கச் செய்த இப்பள்ளிகள் பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தம் செய்யுமாறு அமைக்கப்பட்டவை அல்ல. மற்றொன்று, மாகாண விதிகள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வழக்கறிஞர் தொழிலுக்கு மாகாண வாக்காளராகும் தகுதி வேண்டப்பட்டது. அங்குச் சீனரும், இந்திய நாட்டிலிருந்து குடியேறியவரும் 1947 வரை வாக்குரிமை பெறவில்லை. சப்பானியரும் தொல்குடியினரும் 1949 வரை பெறவில்லை. ஆகவே பட்டம் பெறினும் தொழில் இல்லை. தொழில் இல்லையெனின் பட்டம் எதற்கு? ஸ்குவாமிஷ் குடியினரான ஆண்டுரூ பால் சட்ட அறிவில் வல்லவராயிருந்தும், இந்தியர் நிலையைக் கைவிட நேரும் என்பதனால் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளவில்லை எனக் கூறுவர். குடியேறிய நம் நாட்டாரும் அந்நிலத்துத் தொல்குடியினரும் ஒரே வாக்காளர் பட்டியலின் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் இருவர் நிலையும் ஒன்றன்று. அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

இனி ஒரு பல்கலைக்கழகத்தின் நிலப்பரப்பை எடுத்துக்கொண்டு இவ்வரலாற்றை நெருங்கிக் காண்போம். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1908-இல் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1915-இல் திறக்கப்பட்டது. வான்கூவர் நகரின் மேற்கே கடலை நோக்கிய பாயிண்டு கிரே மேட்டு நிலத்தில் கட்டடம் முடிக்குமாறு 1922-இல் மாணாக்கர் ஊர்வலம் சென்றனர். 1925-இல் வகுப்புக்கள் அங்கு மாறின. இவ்வூர்வலத்தைப் பல்கலைக்கழகம் தன் பெருமைக்குரிய தோற்றக் கதையாகப் போற்றி வந்துள்ளது. ஆயின் அந்நிலம் மஸ்குவியம் என்னும் குடியினருடையது. அவர்கள் அதனை எவ்வுடன்படிக்கையாலும் விற்றோ விட்டுக்கொடுத்தோ அளித்ததில்லை. பல்கலைக்கழகத்தின் தெற்கே ஆற்றின் கரையில் சிறிய ஒதுக்குநிலம் ஒன்றில் அவர்கள் வாழ்ந்திருக்க, அவர்தம் மேட்டு நிலத்தில் மானிடவியல் கற்பிக்கப்பட்டது.

1934-இல் இப்பல்கலைக்கழக மாணாக்கர் தம் விளையாட்டுக் குழுவினர்க்கு 'இடிப்பறவை' என்னும் பெயரைத் தேர்ந்தனர். இடிப்பறவை வடமேற்குக் கடற்கரைக் குடிகள் சிலவற்றின் குலமரபுக் குறி. இன்ன குடும்பத்தார்க்கே இன்ன குறி உரியது என்னும் வரையறை உடையது. நம் பண்டை வேந்தர் தம் கயலையும் புலியையும் வில்லையும் பிறர் எடுத்தாளப் பொறுத்திரார் என்பதை நினைந்தால் இதன் அருமை விளங்கும். எடுத்தவர்கள் யாரையும் கேட்டிலர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948-இல், குவாகுவாக்காவாக்கு குடித்தலைவர் வில்லியம் ஸ்கோவும், சிற்பி எலன் நீலும் பல்கலைக்கழகத்திற்கு வந்து, எலன் நீல் செதுக்கிய குலக்கம்பம் ஒன்றை மாணாக்கர்க்கு அளித்து, அப்பெயரை ஆளும் உரிமையையும் முறைப்படி வழங்கினர். எடுத்துக்கொண்டவர்க்கு உடையவரே வந்து கொடுத்து அதனை முறையாக்கினர். இப்பெருந்தகைமையைப் பல்கலைக்கழகம் அன்று எவ்வளவு உணர்ந்தது என்பது ஐயத்திற்குரியது. ஏனெனில் குலமரபுச் சடங்குகளுள் தலையாய பாட்லாச்சு என்னும் கொடைவிழா அவ்வாண்டிலும் சட்டத்தால் தடுக்கப்பட்டேயிருந்தது. 1880-களில் விதிக்கப்பட்ட அத்தடை 1951-இல்தான் நீங்கிற்று. அன்றியும், வில்லியம் ஸ்கோ கம்பம் அளித்த நாளில் அவர் குடியினர் எவரும் அம்மாகாணத்தில் வழக்கறிஞராதல் இயலாது. குறி முன்னே புகுந்தது. குறிக்குரியோர் பின்னே புக நேர்ந்தது. அவர் மகன் ஆல்பிரடு ஸ்கோ, உறைவிடப் பள்ளியிற் பயின்றவர், 1961-இல் அதே பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் தொல்குடியினரானார். 1971-இல் அம்மாகாணத்தின் முதல் தொல்குடி நீதிபதியுமானார்.

இதனிடையே ஒரு திணைமயக்கமும் உண்டு. குவாகுவாக்காவாக்கு மக்கள் வடக்கே கடல்வழியில் நெடுந்தொலைவிலுள்ளவர், மஸ்குவியர் அல்லர். மஸ்குவியர் நிலத்தில் வடவர் குறியை நாட்டுங்கால் நிலத்துக்குரியோரை வினவ வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்துப் பல்கலைக்கழகத்திற்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. குடிகள் பலவும் 'இந்தியர்' என்னும் ஒரே பெயருள் அடங்கிவிட்டமையின் விளைவு இது. 'பன்மை' பேசுவோர் முதலில் காண வேண்டிய பன்மை இதுவே என்போம்.

அப்பல்கலைக்கழகத்தில் 1956-இல் மானிடவியற் பட்டம் பெற்ற குளோரியா கிரான்மர் வெப்ஸ்டரையும் ஈண்டுக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது. இவர் தந்தை டான் கிரான்மர் 1921-இல் நடத்திய கொடைவிழாவில் அரசு புகுந்து பலரைத் தண்டித்து, முகமூடிகளையும் பிற பொருள்களையும் கவர்ந்து சென்றது; அவை அருங்காட்சியகங்களிற் சேர்ந்தன. மகள் அருங்காட்சியகக் கலையையே கற்று, பல்கலைக்கழகத்து மானிடவியல் அருங்காட்சியகத்திற் பணியாற்றி, கவரப்பட்ட பொருள்களை மீட்கும் முயற்சியில் முன்னின்றார். 1980-இல் அலர்ட்டு பே என்னும் தம் ஊரில் திறக்கப்பட்ட உமிஸ்தாப் பண்பாட்டு நிலையத்தில் அவை மீண்டும் இடம்பெற்றன. உமிஸ்தா என்பது சிறைப்பட்டோர் மீண்டு வருதலைக் குறிக்கும் சொல். 1876-இன் சட்டம் பட்டம் பெற்றவரைக் குடியினின்று பிரிக்க எண்ணியது. இவர் பெற்ற பட்டமோ குடிக்குரியதை மீட்கும் கருவியாயிற்று.

தனியொருவர் முயற்சி குடிகளின் முயற்சியாக மாறியது 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில். 1969-இல் கனடா அரசு இந்தியர் சட்டத்தையும் இந்தியர் என்னும் தனிநிலையையும் ஒழித்து அனைவரையும் சமமாக்குவதாக ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. சமத்துவம் என்னும் சொல் எவ்வளவு இனிதாயினும், உடன்படிக்கை உரிமைகளை அழிக்க அது பயன்படுமாயின் ஏற்கோம் என்று குடிகள் மறுத்தன. அரசு 1971-இல் அதனைக் கைவிட்டது. 1970-இல் ஆல்பர்ட்டா மாகாணத்துப் புளூ குவில்ஸ் உறைவிடப் பள்ளியில் பெற்றோரும் முதியோரும் புகுந்து அமர்ந்து, அப்பள்ளியின் ஆட்சியைத் தம்மிடம் ஒப்படைக்க வைத்தனர். குழந்தைகளைக் குடியினின்று பிரித்த அதே கட்டடம் பின்னர்த் தொல்குடியினர் தாமே நடத்தும் உயர்கல்வி நிலையமாயிற்று. 1972-இல் தேசிய இந்தியர் சகோதரத்துவ அமைப்பு, இந்தியர் கல்வி இந்தியர் ஆட்சியில் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையறிக்கையை வெளியிட்டது. 1969-இல் டிரெண்டுப் பல்கலைக்கழகத்தில் தொல்குடியியல் தனிப்பாடமாயிற்று. 1976-இல் ரெஜைனாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சஸ்காச்சுவான் இந்தியர் கல்லூரி தோன்றி, 2003-இல் கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. இவை யாவும் நடுவுநிலைமைக் கொள்கைகள் பல்கலைக்கழகங்களில் எழுதப்படுதற்கு முன்னரே நிகழ்ந்தவை என்பது கருதத்தக்கது. வாயில் உள்ளிருந்து திறக்கப்பட்டதினும் வெளியிலிருந்து திறக்கப்பட்டதே மிகுதி.

அக்கொள்கைகளின் தோற்றம் வேறு. 1984-இல் நீதிபதி ரோசலி அபெல்லா அளித்த அறிக்கையும் 1986-இன் வேலை நடுவுநிலைமைச் சட்டமும் மகளிர், தொல்குடியினர், உடற்குறையுடையோர், கண்டறியத்தக்க சிறுபான்மையோர் என நான்கு வகுப்பினரைக் குறித்தன. கூட்டாட்சி அரசின் ஒப்பந்தம் பெறும் பல்கலைக்கழகங்களும் இந்நெறிக்கு உட்பட்டன. கனடா ஆராய்ச்சி இருக்கைகள் என்னும் பேராசிரியப் பதவிகளில் இந்நெறி பேணப்படவில்லை என்று பெண் அறிஞர் எண்மர் 2003-இல் முறையிட்டனர். 2006-இல் உடன்பாடு ஏற்பட்டது. 2019-இல் அதற்குச் சேர்க்கப்பட்ட இணைப்பு 2029-க்குள் அவ்விருக்கைகளில் மகளிர் 50.9, கண்டறியத்தக்க சிறுபான்மையோர் 22, உடற்குறையுடையோர் 7.5, தொல்குடியினர் 4.9 விழுக்காட்டினராக இருத்தல் வேண்டும் என வரையறுத்தது.

இவ்வெண்கள் வேண்டா என்பார் கூட்டத்தில் யாம் சேரோம். எண்ணாதவிடத்து இன்மை தோன்றாது. ஆயின் நான்கு வகுப்பினரையும் ஒரே பட்டியலில் நிறுத்துங்கால் ஒரு வேறுபாடு மறைகின்றது. டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கென 30 இலட்சம் டாலர் திரட்டும் பணி 2021-இல் நிறைவெய்தியது, ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தோர் முதலிய தமிழ் மக்கள் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். அஃது பன்மையின் வெற்றி. தமிழ் அங்கு விருந்தாகச் சென்ற மொழி; அதற்குத் தாயகம் வேறு உண்டு. அந்நிலத்துத் தொல்குடி மொழிகளோ அங்கு அழியின் யாண்டும் இல. அவற்றை உடையோர் பந்தியில் ஓர் இடம் கேட்கும் விருந்தினர் அல்லர், மனைக்கு உரியவர். அவர்க்குரியதை விழுக்காட்டால் மட்டும் அளத்தல், வீட்டுக்குரியவனுக்கு அவன் வீட்டில் எத்தனை நாற்காலி என்று கணக்கிடுவதை ஒக்கும்.

உண்மை கண்டு இணக்கம் காணும் ஆணைக்குழு உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றை ஆராய்ந்து 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றுள் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தவை பல. மருத்துவ, சட்டக் கல்லூரிகள் இவ்வரலாற்றைக் கற்பித்தல் வேண்டும் என்பன சில. தொல்குடி மொழிகளில் பட்ட வகுப்புக்கள் ஏற்படுத்துக என்பது 16-ஆம் பரிந்துரை. இடம் கிடைத்தும் பொருளின்றிக் காத்திருக்கும் மாணாக்கர்க்கு அரசு போதிய நிதி அளிக்க என்பது 11-ஆவது. இக்கடைசிப் பரிந்துரையைப் பல்கலைக்கழகங்களின் அறிவிப்புக்கள் மிக மெல்லக் கடந்துவிடுகின்றன. 1996 முதல் நெடுங்காலம் தொல்குடி மாணாக்கர் உதவித்தொகையின் வளர்ச்சி ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்குள் கட்டப்பட்டிருந்தது. கற்க விழைந்த இளைஞர் தொகையோ அதனினும் விரைந்து பெருகிற்று. நிலத்தை ஏற்றுப் போற்றும் உரையை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் படித்தற்குச் செலவில்லை. ஆதலின் அவ்வுரை விரைவிற் பரவியதில் வியப்பில்லை.

செலவும் உழைப்பும் உடைய செயல்களும் நிகழ்ந்துள்ளன. வின்னிபெக்குப் பல்கலைக்கழகமும் லேக்ஹெட்டுப் பல்கலைக்கழகமும் 2016 முதல் தொல்குடியினர் பற்றிய பாடம் ஒன்றை இளநிலை மாணாக்கர் அனைவர்க்கும் கட்டாயமாக்கின. விக்டோரியாப் பல்கலைக்கழகம் 2018-இல் கனடாச் சட்டத்தையும் தொல்குடிச் சட்ட மரபுகளையும் ஒருங்கே கற்பித்து இரு பட்டம் அளிக்கும் வகுப்பைத் தொடங்கிற்று. உலகில் இத்தகையது இதுவே முதலாவது. எம் நோக்கில் இஃது ஏனையவற்றினும் ஆழமானது. தொல்குடியினர் வழக்கங்களை மானிடவியலார் நெடுங்காலம் பதிவு செய்துள்ளனர். அவ்வழக்கங்களைச் சட்டம் என்று ஏற்று, சட்டத்துறையிலேயே வைத்து, அதற்குரிய தருக்கத்தோடு கற்பித்தல் வேறு. முன்னதில் குடிகள் ஆராயப்படும் பொருள். பின்னதில் ஆராயும் அறிவு.

பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொல்குடி மாணாக்கர்க்கென நெடுமனை ஒன்று எழுந்தது. 2006-இல் மஸ்குவியரோடு உடன்பாடு ஒன்று எழுதப்பட்டது. 2017-இல் ஹைடாச் சிற்பி ஜேம்ஸ் ஹார்ட்டு செதுக்கிய இணக்கக் கம்பம் நிறுத்தப்பட்டது. உறைவிடப் பள்ளிகளில் இறந்த சிறாரை எண்ணி அதில் செப்பாணிகள் அறையப்பட்டுள்ளன. 2018 ஏப்பிரலில் பல்கலைக்கழகத் தலைவர் சான்டா ஓனோ, அப்பள்ளிகளை நடத்திய அமைப்பிற்கு அலுவலரைப் பயிற்றுவித்த பங்கினை ஏற்று மன்னிப்பு வேண்டினார். அதே ஆண்டில் வளாகத் தெருக்களின் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்தோடு மஸ்குவியரின் ஹன்குமினம் மொழியும் எழுதப்பட்டது. ஆங்கில எழுத்துப் போதாமையின் ஒலியியலார் குறியீடுகளால் எழுதப்படும் அம்மொழியை நடப்போருள் படிக்கவல்லார் மிகச் சிலரே.

அம்மொழியைப் பிறந்தநாள்தொட்டுப் பேசி வளர்ந்தோருள் கடைசியானவர் 2002-இல் மறைந்தார். அதற்கு முன்பே, 1997 முதல், பல்கலைக்கழகமும் மஸ்குவியக் குடியும் கூடி அம்மொழியைப் பட்டப்படிப்பிற்குரிய பாடமாகக் கற்பித்து வந்துள்ளன. முதியோரிடமிருந்து பதிவு செய்த ஒலிநாடாக்களும், குறிப்பேடுகளும், அவற்றைத் தொகுத்த மொழியியலார் இலக்கணமுமே இவ்வகுப்பிற்கு முதல். பாடத்திட்டத்தில் குடியும் துறையும் இணைந்தே முடிவு செய்தன. வகுப்புக்கள் மஸ்குவியக் குடியிருப்பிலும் நடத்தப்பட்டன; பல்கலைக்கழக மாணாக்கரும் குடியினரும் ஒருங்கே கற்றனர்.